‘எல்லை’ என்று ஒரு சொல்லை மட்டும் தந்தால்: திறந்த தலைப்பிலிருந்து எண்ணத்தை வளர்த்தெடுக்கும் முறை

சித்திரமும் வடிவமைப்பும் பயிலும் மாணவருக்குத் தரப்படும் ஒப்படைகளில், பார்வைக்கு எளிதாகத் தோன்றி உள்ளே இறங்கியதும் மூச்சுமுட்ட வைப்பது திறந்த தலைப்புத்தான். விரிவுரையாளர் பலகையில் ‘எல்லை’ என்றோ ‘எஞ்சியது’ என்றோ ‘சுமை’ என்றோ ஒரு சொல்லை எழுதிவிட்டு, ஆறு கிழமைக்குள் விரும்பிய ஊடகத்தில் ஒரு படைப்பைக் கொண்டுவரச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அளவு குறிக்கப்பட்டிராது, எதை வரைய வேண்டும் என்பதும் சொல்லப்பட்டிராது. ‘சந்தைக் காட்சி’, ‘தைப்பொங்கல்’, ‘தேர்த் திருவிழா’ என்று காட்சியோடு சேர்த்தே தலைப்பு வாங்கிப் பழகிய பாடசாலைக் கைக்கு இந்தச் சுதந்திரம் ஒரு தண்டனையைப்போலவே இருக்கும். அந்தத் தவிப்பிலிருந்து ஒரு படைப்புவரை எப்படி நடந்துபோகலாம் என்பதை, யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு கற்கும் மாணவரை மனத்தில் வைத்து, என் அனுபவத்தையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். மாணவனாக இருந்தபோது எனக்கு வந்த முதல் திறந்த தலைப்பு ‘பிரிவு’. ஒரே இரவில் யோசித்து, மறுநாளே ஒரு ரயில் நிலையத்தையும், நகரும் பெட்டியின் யன்னலுக்கு வெளியே அசையும் ஒரு கையையும், மேடையில் நின்று அழும் ஒரு பெண்ணையும் தீட்டி முடித்துவிட்டேன். ஆசிரியர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு இரண்டே கேள்விகள் கேட்டார்: “இது எந்த ஸ்ரேசன்? இது ஆற்றை கை?” என்னிடம் மறுமொழி இல்லை. 1990இல் நின்றுபோன ரயில் 2014 ஒக்டோபரில்தான் யாழ்ப்பாண நிலையத்துக்குத் திரும்பி வந்தது; நான் படம் தீட்டிய காலத்தில் ஓடுகிற ரயிலை நான் கண்ணால் கண்டதே கிடையாது. அந்த மேடையும் கையும் கண்ணீரும் சினிமாவிலிருந்து வந்தவை. அதே வேளையில் எங்கள் வளவில் மூடிக்கிடந்த பழைய பங்கரின் மேலே, எங்கோ கழற்றப்பட்ட தண்டவாளத்தின் சிலிப்பர்க்கட்டைகள் உக்கிக்கொண்டு கிடந்தன. ரயில் போய்விட்டது, அதன் கட்டை எங்கள் முற்றத்தில் கிடந்தது என்ற செய்தி என் காலடியிலேயே இருந்தும், ‘பிரிவு’ என்ற சொல்லுக்கு அதை ஒரு பொருளாக நான் எண்ணிப்பார்க்கவில்லை.

முதல், கரு, உரி

இந்தப் பிழை ஏன் நேர்கிறது என்பதை விளங்கிக்கொள்ள நம் மொழியிலேயே ஒரு நல்ல கருவி இருக்கிறது. அதைத் தமிழ்ப் பாடத்துக்கு மட்டும் உரியதென்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். தொல்காப்பியப் பொருளதிகாரம் அகப்பாட்டின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று எட்டைச் சொல்லி, இவைபோன்ற பிறவும் என்று முடிப்பது கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் மனநிலைகள் உரிப்பொருள். இன்று வகுப்பறையில் நாம் தலைப்புக்கே ‘கருப்பொருள்’ என்ற சொல்லை வழங்குகிறோம். உண்மையில் ஆசிரியர் தருகிற திறந்த தலைப்புப் பெரும்பாலும் உரிப்பொருளாகவே இருக்கிறது: பிரிவு, இழப்பு, காத்திருப்பு, அச்சம். உரிப்பொருளை உரிப்பொருளாகவே வரையப் புகுந்தால் கண்ணீர் விடும் கண்ணும், நீட்டிய கையும், உடைந்த இதயமும் தவிர வேறெதுவும் வராது, ஏனெனில் மனநிலைக்கு உருவம் கிடையாது. உருவம் உள்ளது கருவுக்கே.

குறுந்தொகையின் 25ஆம் பாட்டில் கபிலர் செய்திருப்பதைப் பாருங்கள். கைவிடப்படுவோமோ என்று அஞ்சும் பெண், தன்னைக் களவில் மணந்தவன் பொய்த்துவிட்டால் சாட்சி சொல்ல யாருமில்லை என்கிறாள்; அன்றைக்கு அங்கே நின்றது ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குருகு மட்டுந்தான், அதன் கால்கள் தினைத்தாள்போலச் சிறுத்துப் பசுமையாக இருந்தன என்று முடிக்கிறாள். அச்சம் என்ற சொல் எங்கும் இல்லை. மீனிலேயே கண்ணாய் இருந்த பறவை எதையும் பார்த்திருக்காது என்பது நமக்குத் தானாகவே விளங்கிவிடுகிறது. காலின் நிறத்தையும் பருமனையும் அவ்வளவு நுட்பமாகச் சொன்னதனால்தான் அச்சமும் நம்பும்படியாகிறது. ஒரு சித்திர மாணவருக்கு இதைவிடத் தெளிவான செய்முறைப் பாடம் கிடைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே தலைப்புக் கையில் கிடைத்ததும், கொப்பியில் ஒரு பக்கத்தை மூன்று நிரல்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது நிரலில், அதாவது உரி என்ற இடத்தில், தந்த சொல்லை எழுதிவிட்டு அதைத் தொடாமல் விடுங்கள். முதல் நிரலில் இடத்தையும் நேரத்தையும், நடு நிரலில் அந்த இடத்தில் அந்த நேரத்தில் கையால் தொடக்கூடிய பொருள்களையும் எழுதுங்கள். ‘காத்திருப்பு’ என்பது தலைப்பானால், விடியற்காலை ஐந்து மணிக்கு வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவின் வாசல் என்பது முதல். இலக்கத் துண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பிளாஸ்ரிக் கதிரை, துவாயில் சுற்றிய சுடுதண்ணிப் போத்தல் என்பவை கரு. 2022ஆம் ஆண்டின் மண்ணெண்ணெய் வரிசை என்பது இன்னொரு முதல். அங்கே ஆட்களுக்குப் பதிலாக வெயிலில் வரிசையாக நின்ற வெறும் கான்கள் கரு. ஆளில்லாத அந்தக் கான்களின் வரிசையை நினைத்துப் பார்த்தால், காத்திருப்பைக் காட்ட மணிக்கூட்டை வரையத் தேவையில்லை என்பது விளங்கும். நடு நிரலில் முப்பது பொருள்களாவது சேரும்வரை எந்த முடிவுக்கும் வராதீர்கள். பதினைந்துக்கு மேல் எழுதக் கை நின்றுவிடும். அப்போது எழுந்து வெளியே போங்கள்.

எல்லோருக்கும் வரும் எட்டு

இனி ‘எல்லை’ என்ற தலைப்பையே எடுத்துக்கொண்டு இறுதிவரை போய்ப் பார்ப்போம். யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவருக்கு இந்தச் சொல்லைக் கேட்டதும் வரக்கூடியவற்றை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்: முட்கம்பிச் சுருள், காவலரண், கோட்டை மதில், கம்பிக்கு இருபுறமும் நீளும் இரு கைகள், தலையிழந்த பனை, கம்பியில் சிக்கிய புறா, கடலின் தொடுவானம், கிழிந்த வரைபடம். இவற்றை வெட்கப்படாமல் ஒரு பக்கத்தில் எழுதி, சிறிய உருவாக வரைந்தும் விடுங்கள். மனத்தில் அடக்கி வைத்திருந்தால் அவை திரும்பத் திரும்ப வந்து வழிமறிக்கும். அவற்றை விலக்கச் சொல்வது அவை பொய்யானவை என்பதால் அன்று. இந்த மண்ணில் முட்கம்பி பொய்யாகாது. ஆனால் உங்கள் வகுப்பில் இருக்கும் மற்றவர்களுக்கும் அதே வரிசையில் அவையே வந்திருக்கும். இணையத்தில் படம் தேடினாலும், படம் ஆக்கித் தரும் செயலியிடம் கேட்டாலும் அவையேதான் வரும். இணையத் தேடலை மூன்றாவது கிழமைக்குத் தள்ளிப்போடுங்கள் என்று நான் சொல்வது இதனாலேயே. உங்கள் நடு நிரல் நிரம்பிய பிறகு தேடினால் தேடுவது குறித்த பொருளாக இருக்கும். அதற்கு முன் தேடினால் பிறர் முடித்துவைத்த விடைகளே கண்ணில் தங்கிவிடும்.

சொல்லையும் ஒருமுறை அகராதியில் பார்த்துவிடலாம். 1862இல் வெளிவந்த வின்சுலோவின் தமிழ் அகராதியும், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் சேர்த்துவைத்திருக்கும் நூலகம் இணையத்தளமும் இதற்கு உதவும். தலைப்புச் சொல்லுக்குப் பக்கத்தில் நம் ஊரில் வழங்கும் சொற்களையும் எழுதுங்கள்: வரம்பு, வேலி, மதில், படலை, ஒழுங்கை, பொட்டு. இந்தக் கடைசிச் சொல்லில் சற்று நில்லுங்கள். வேலியில் ஓலை விலகி, ஒரு பிள்ளையோ நாயோ நுழையக்கூடியதாக விழுந்த ஓட்டையை நாங்கள் பொட்டு என்கிறோம். அயல்வீட்டுக்கு நெருப்புக் கேட்டுப் போகவும், கறி கொடுத்தனுப்பவும், பிள்ளைகள் பந்து எடுக்கப் போகவும் வந்த வழி அது. எல்லையைக் குறிக்கும் சொற்களைத் தேடப் போய், எல்லை திறந்துகொள்ளும் இடத்துக்கே தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறோம் என்பது தெரியவந்தால், ஒப்படை அப்போதே உயிர்பெறத் தொடங்கிவிடும்.

வேலியோரம் இரண்டு மணித்தியாலம்

வேலி என்ற பொருளைத் தேர்ந்துகொண்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வீட்டுக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ அருகில் உள்ள ஒரே ஒரு வேலியைத் தெரிவு செய்து, ஒரு நாளில் காலை, நண்பகல், மாலை என மூன்றுமுறை போய், மொத்தமாக இரண்டு மணித்தியாலமாவது அதன்முன் இருங்கள். நண்பகலில் ஓலை வேலியின் நிழல் கோடாகச் சுருங்கிவிடும். மாலையில் அது ஒழுங்கையின் மறுபக்கம்வரை நீண்டு, ஓலையின் இடுக்குகளால் விழும் வெளிச்சம் மணலில் சிதறிக் கிடக்கும். இதைக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய் வரையலாமே என்று தோன்றும். படம் எடுங்கள், ஆனால் கொப்பியில் வரைந்து முடித்த பிறகு எடுங்கள். வரையும்போது கண் ஒவ்வொரு முடிச்சாகப் போய்வர வேண்டியிருப்பதால், கமரா ஒரு நொடியில் கடந்துவிடும் விடயங்கள் அப்போதுதான் தென்படும். பிறர் வளவின் வேலியானால் முதலில் படலையில் நின்று கேட்டுவிட்டு இருங்கள். படையினரின் முகாம்களை அண்டிய இடங்களில் படமெடுக்கவே வேண்டாம்.

அப்படி இருந்தால் என்னென்ன கிடைக்கும்? தென்னோலையைப் பின்னிய கிடுகு வேலி ஒரு நெசவுபோல இருக்கும். பனையோலை வேலி விசிறிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாத்தியதுபோல இருக்கும். பனைமட்டை வேலி எலும்பு வரிசைபோலத் தோன்றும். பல இடங்களில் இவற்றுக்குப் பதில் இன்று தகரமோ சீமெந்து மதிலோ நிற்கிறது. ஓலையைத் தாங்கி நிற்கும் கதியால்களைப் பாருங்கள். பூவரசு, கிளுவை, முள்முருக்கு என்று நட்ட தடியெல்லாம் வேர்விட்டுத் தளிர்த்து மரமாகிவிடுகிறது. அதன் குழையை வெட்டி ஆட்டுக்குப் போடுகிறார்கள். எல்லையாக நாட்டிய தடி பருத்துப் பருத்து இருபக்கக் காணிக்குள்ளும் இறங்கிவிடும். அரை முழத்துக்காக வழக்காடிய குடும்பங்களை அறியாதவர் நம்மில் குறைவு. பழைய ஓலையைப் பிரித்துத் தோட்டத்து மண்ணில் பசளையாகத் தாழ்ப்பார்கள், ஆகவே ஒரு காலத்து எல்லை இன்னொரு காலத்துப் பயிராகிறது. கறையான் புற்று அடியிலிருந்து மேலே வரைந்துகொண்டு போகும் கோடுகள் தனியாக ஒரு சித்திரம்.

இவ்வளவையும் கண்ணால் பார்க்கலாம். பார்க்க முடியாததைக் கேட்டறிய வேண்டும். கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு மாணவி தன் அம்மம்மாவிடம் போய், “எல்லை எண்டால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது?” என்று கேட்டு, “எனக்கென்ன தெரியும் பிள்ளை” என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தார். அடுத்த நாள் கேள்வியை மாற்றி, “அம்மம்மா, முந்தி இந்த வேலியை ஆர் அடைச்சது? எப்பிடி அடைச்சவை?” என்று கேட்கச் சொன்னேன். அரை மணித்தியாலம் பேசியிருக்கிறார். “ஒராள் உள்ளுக்கை நிக்கோணும், ஒராள் வெளியாலை நிக்கோணும். இஞ்சாலை இருந்து குத்தூசியைக் குத்திவிட, அங்காலை நிக்கிற ஆள் கயித்தைக் கோத்துத் திருப்பி விடுவார். தனிய ஒருத்தராலை வேலி அடைக்கேலாது பிள்ளை.”

அந்த ஒரு வாக்கியத்தில் ஒப்படையின் திசையே மாறிவிட்டது. பிரிப்பதற்காகக் கட்டப்படும் ஒன்றைக் கட்ட, இரு பக்கமும் ஒவ்வோராள் வேண்டும். ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி ஓலை நடுவில் இருக்க, ஊசி வருகிற இடத்தைக் குரலாலேயே சொல்லிக்கொள்ள வேண்டும். எந்தத் தேடுபொறியிலும் ‘எல்லை’ என்று தட்டினால் வராத செய்தி இது. உரிப்பொருளைப் பற்றிக் கேட்டபோது மௌனமாக இருந்தவர், தொழிலைப் பற்றிக் கேட்டதும் உரிப்பொருளையும் சேர்த்தே சொல்லிவிட்டார்.

பெயரிலிருந்து வினைக்கு

பொருள் கிடைத்ததும் பெரும்பாலானவர்கள் அந்தப் பொருளை அழகாக வரைந்து முடித்துவிடுகிறார்கள். குத்தூசியின் கரிச் சித்திரம் ஒன்று எவ்வளவு நன்றாக அமைந்தாலும் அது ஒரு குறிப்புத்தான். தலைப்போடு அது இன்னும் வாதாடத் தொடங்கவில்லை. இந்த இடத்தில் நான் செய்யச் சொல்வது, அந்தப் பொருளைச் சுற்றி நிகழும் வினைச்சொற்களை எழுதுவதை: அடைத்தல், வரிதல், குத்துதல், கோத்தல், இழுத்துக்கட்டுதல், தளிர்த்தல், நகர்தல், உக்குதல், எட்டிப் பார்த்தல், நுழைதல். பெயர்ச்சொல் ஒரு படத்தைத் தரும். வினைச்சொல் செய்முறையைத் தரும். ‘கோத்தல்’ என்று எழுதிய உடனே, படத்தாளையே தைத்தால் என்ன, இரண்டு பேர் இரு பக்கமும் நின்று ஒரே தாளைத் தைத்தால் என்ன என்ற கேள்விகள் வருகின்றன. ‘நகர்தல்’ என்பதிலிருந்து, ஒரே கோட்டை நாற்பது நாளும் ஒரு நூலளவு தள்ளி வரைந்துகொண்டு போகும் தொடர் ஒன்று வரலாம். ‘உக்குதல்’ என்பது, மாரி மழையில் வெளியே விட்டு உக்கவைக்கும் ஒரு படைப்பைக் கேட்கிறது.

இனிச் சிறுவரைபுகள். தீப்பெட்டி அளவுக் கட்டங்களாகப் பக்கத்தைப் பிரித்து, நாற்பது கட்டங்களை நிரப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடத்துக்கு மேல் எடுக்கக் கூடாது; அழிறப்பர் பயன்படுத்தக் கூடாது. நாற்பது என்ற எண் என் பிடிவாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதல் பன்னிரண்டு கட்டங்கள் ஏற்கெனவே மனத்தில் இருந்தவையாகவும், இருபதுக்கு அண்மையில் சலிப்பும் கோபமும் வருவதாகவும், முப்பதைத் தாண்டியபின் நீங்களே எதிர்பாராத ஒன்றிரண்டு தலைகாட்டுவதாகவும்தான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். சலிப்பு வந்த இடத்தில் நிறுத்திவிட்டவர்கள்தான் இறுதியில் முட்கம்பிக்குத் திரும்பிப் போகிறார்கள்.

ஒரே தலைப்பில் தனியாக இருந்து மூச்சுத் திணறும்போது, வேறொருவரின் படத்துக்கு மறுமொழியாக வரைந்து பார்ப்பதும் நல்ல வழி. 2005க்கும் 2007க்கும் இடையில் முகன்னத் காதர், தா. சனாதனன், சந்திரகுப்த தேனுவர, ஜகத் வீரசிங்க என்னும் நான்கு இலங்கை ஓவியர்கள் தபால் மூலம் ஒருவருக்கொருவர் சித்திரங்களை அனுப்பி, வந்த சித்திரத்துக்கு மறுமொழியாக அடுத்ததை வரைந்து, 208 சித்திரங்களைச் சேர்த்தார்கள். நாட்டில் போர் மீண்டும் மூண்ட காலம் அது. அவர்களுக்கு முன்கூட்டி வகுத்த தலைப்பு இருக்கவில்லை. முந்தைய படமே அடுத்த படத்துக்குத் தலைப்பு. நண்பர்கள் மூவர் சேர்ந்தால் உங்கள் விடுதி அறையிலேயே இதைச் செய்யலாம், தபாலுக்கும் காத்திருக்கத் தேவையில்லை. ஒரே நிபந்தனை, வந்த படத்தில் இருந்து ஏதாவது ஒன்றை, ஒரு கோட்டையோ நிறத்தையோ வெற்றிடத்தையோ, உங்கள் படத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பதே.

பொருளின் சொல் கேட்டல்

மூன்றாம் நான்காம் கிழமைகளை முழுவதும் சோதனைக்கு விடுங்கள். எண்ணம் தலையில் முதிர்ந்து, பிறகு கைக்கு இறங்கி வரும் என்று நினைப்பவர்கள் இந்தக் கட்டத்தில் அவசரப்படுகிறார்கள். ஓலையும் மண்ணும் கயிறும் தங்களுக்கென்று சில விருப்பங்களை உடையவை. அவற்றோடு இழுபறிப்படும்போதுதான் எண்ணம் தன் இறுதி வடிவத்தை எடுக்கும்.

விலைகொடுத்து வாங்கும் நிறங்களுக்கு முன், அயலில் கிடைப்பதைப் பாருங்கள். வலிகாமத்துத் தோட்டங்களின் செம்மண்ணை உலர்த்தி, இடித்து, துணியால் அரித்து, பசையோடு குழைத்தால் நல்ல காவிநிறம் கிடைக்கும். தென்மராட்சியின் மணல் அந்த நிறத்தைத் தராது. ஓர் எல்லையின் இரு பக்கத்தையும் இரு ஊர் மண்ணால் தீட்டலாம் என்ற எண்ணம் சோதனைத் தாளில்தான் பிறக்கும். சிரட்டைக்கரி கடையில் விற்கும் கரிக்குச்சியைவிடக் கடினமாக, கீறலாகப் பதியும். மஞ்சளைக் கரைத்துப் பூசி, அதன்மேல் சுண்ணாம்புத் தண்ணீரைத் தொட்டால் தொட்ட இடம் சிவந்துவிடும். ஆரத்தித் தட்டில் நாம் நாள்தோறும் காண்பதுதான். மஞ்சள் வெயிலில் விரைவாக வெளிறும் என்பதையும் கணக்கில் எடுங்கள், வெளிறுவதே உங்களுக்கு வேண்டியதாகவும் இருக்கலாம்.

இழைப்பதற்கு எடுக்கும் இளம் பனையோலையான சார்வோலையில் வேலை செய்வதானால் அது உலரும்போது சுருங்கும் என்பதை அறிந்திருக்க வேண்டும்; ஈரமாக இழைத்தபோது நெருக்கமாக இருந்தது, காய்ந்ததும் இடைவெளி காட்டும். அந்த இடைவெளியைக் குறையாகக் கருதி ஒட்டி மறைத்த மாணவர் ஒருவரும், அதையே ‘பொட்டு’ என்று எடுத்துக்கொண்டு படைப்பின் நடுவிடம் ஆக்கிய இன்னொருவரும் ஒரே வகுப்பில் இருந்தார்கள். ஒவ்வொரு சோதனைக்கும் பக்கத்தில் தேதி, என்ன கலந்தது, எவ்வளவு, என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். மதிப்பிடுபவர் இந்தக் கொப்பியையும் பார்ப்பார் என்பது ஒரு காரணம்; நல்ல நிறமொன்று தற்செயலாக வந்துவிட்டு, எப்படி வந்தது என்று தெரியாமல் மூன்று நாள் திண்டாடுவது இன்னும் பெரிய காரணம்.

வடிவமைப்பு மாணவருக்கு

வடிவமைப்பைத் தெரிவு செய்தவர்கள் இதுவரை சொன்னவற்றையே பின்பற்றலாம், ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: அவர்களின் விடையை யாரோ ஒருவர் கையில் எடுத்துப் பயன்படுத்த வேண்டும். ‘சுமை’ என்பது தலைப்பானால், பனையோலையால் இழைத்த கூடையான கடகத்திலிருந்து தொடங்கலாம். கடகத்தை இரட்டையாகப் பொத்தி, விளிம்பை மட்டை நாரால் கட்டியிருப்பார்கள். ஏன் அப்படி என்று, காலியாகவும் நிறைத்தும் தூக்கிப் பார்த்தால் கை சொல்லிவிடும். எங்கே பிடிக்கிறார்கள், தலையில் வைக்கிறார்களா இடுப்பில் வைக்கிறார்களா, சைக்கிள் கரியரில் கட்டும்போது எது வழுக்குகிறது, நனைந்தால் என்னாகிறது என்பவற்றைப் பயன்படுத்துபவரின் பக்கத்தில் நின்று குறித்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலிச் சந்தையில் விடியற்காலை ஒரு மணித்தியாலம் நின்றால், மரக்கறி இறக்கும் ஒருவர் ஒரே பையை எத்தனை முறை கை மாற்றுகிறார் என்பதை எண்ணிவிடலாம். அந்த எண்ணிக்கை உங்கள் வடிவமைப்பின் முதல் அளவீடு. பனையோலையைப் பார்த்ததும் விளக்குமூடி செய்யும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கண்காட்சிகளில் அவை போதிய அளவு தொங்கிக்கொண்டிருக்கின்றன.

பிறர் துயரத்தைக் கையாளும்போது

நம் ஊரில் எந்தத் திறந்த தலைப்பும் எங்காவது ஒரு மூலையில் இழப்பைத் தொட்டுவிடும். அயலவரின் இடப்பெயர்வையோ காணாமற்போன ஒருவரையோ உங்கள் ஒப்படையின் பொருளாக்குமுன், அவர் அதற்கு இசைகிறாரா, அவரது பெயரும் முகமும் வெளியே தெரியலாமா என்று கேட்டு அறிவது கட்டாயம். கேட்கும் முறைக்கு ஒரு முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. ஓவியரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைவரலாற்று ஆசிரியருமான தா. சனாதனன், முற்றுப்பெறாத தோம்பு என்று பொருள்படும் தலைப்பில் 2011இல் வெளிவந்த தமது கலைநூலுக்காக, இடம்பெயர்ந்த மக்களிடம் தாங்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தரும்படி கேட்டார். ஒல்லாந்தர் காலத்துக் காணிப்பதிவேட்டின் பெயர் தோம்பு. துயரத்தைச் சொல்லுங்கள் என்று கேளாமல், வாசல் எங்கே, கிணறு எங்கே, மாமரம் எங்கே என்று கேட்கும்போது சொல்பவரின் கையில் ஒரு வேலை இருக்கிறது. எதைச் சொல்வது, எதை விடுவது என்ற தெரிவும் அவரிடமே இருக்கிறது. வரைந்தவர் மறந்துபோன அறையோ, அளவுக்கு மிஞ்சிப் பெரிதாகிவிட்ட முற்றமோ தானே பேசும்.

சுவரில் தொங்கவிட்டுப் பார்த்தல்

ஐந்தாம் கிழமையின் தொடக்கத்தில், சோதனைகளையும் சிறுவரைபுகளையும் ஒரு சுவரில் ஒட்டிவிட்டு நண்பர்களை அழையுங்கள். நம்மவர்கள் முகத்துக்கு நேரே குறை சொல்லக் கூசுவார்கள். “நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்கள். ஆகையால் நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். “இதிலை முதலிலை என்ன தெரியுது? எது விளங்கேல்லை? எதை எடுத்துப்போட்டால் ஒண்டும் குறையாது?” என்று கேளுங்கள், ஐந்து நிமிடத்துக்கு நீங்கள் வாயே திறக்காதீர்கள். கலை பயிலாத ஒருவரையும், வீட்டில் அப்பாவையோ ஒழுங்கையில் போகும் சைக்கிள்காரரையோ, கட்டாயம் காட்டிக் கேளுங்கள். “இதென்ன படம்?” என்ற அவரது கேள்வியைப் பல மாணவர்கள் அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். நான் அதை ஒரு சோதனையாகவே கொள்கிறேன்: நீங்கள் விளக்கத் தொடங்கி, இரண்டாவது வாக்கியத்திலேயே குத்தூசியையும் அந்தப்பக்கம் நிற்கும் ஆளையும் பற்றிப் பேசினால், வேலை சரியான இடத்தில் இருக்கிறது. ‘மனிதகுலத்தின் பிரிவினை’ என்று தொடங்கினால், மறுபடி நடு நிரலுக்குப் போக வேண்டும்.

தெரிவு செய்யும்போது மிக அழகானதை எடுக்கத் தோன்றும். மிகுந்த கேள்விகளை எழுப்பியதை எடுங்கள், ஏனெனில் இன்னும் பத்து நாள் அதோடு வாழ வேண்டும்; விடை முடிந்துபோன ஒன்றோடு இரண்டு நாள்கூட வாழ முடியாது. விட்டவற்றை எறிந்துவிடாமல் அதே கொப்பியில் வையுங்கள்.

அந்த மாணவியின் படைப்பு இறுதியில் இப்படி வந்தது: எட்டு அடி நீளமுள்ள ஒரு பழைய கிடுகுத் துண்டு அறையின் நடுவில் தொங்கியது, ஒரு பக்கத்தில் சிவப்பு நூலின் தையல் ஒழுங்காக ஓடியது, மறுபக்கத்தில் அதே நூல் முடிச்சும் தொங்கலுமாகக் கிடந்தது, குத்தூசி பாதி வழியில் குத்தியபடி விடப்பட்டிருந்தது. பார்க்க வந்தவர்களில் சிலர் ஊசியை இழுத்து, மறுபக்கம் போய்க் கோத்துத் திருப்பி அனுப்பினார்கள். அதற்கு இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. கீழே வைத்த அட்டையில் ‘எல்லை’ என்று எழுதியிருந்தார். தலைப்பின் சொல்லையே படைப்புக்கும் பெயராக வைத்தால் பார்ப்பவர் அந்தச் சொல்லுக்குள்ளேயே நின்றுவிடுவார் என்று சொல்லி, வேறு பெயர் வைக்கும்படி கேட்டேன். அன்று பின்னேரம் அட்டையை மாற்றி, ‘அங்காலை ஆர்?’ என்று எழுதி வைத்தார்.